உதட்டோரக் கறுப்பும் ஒரு வயிற்றுப்போக்கு மாத்திரையும்

அந்த இளைஞருக்கு 26 வயது. கீழுதட்டின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு. அவர் வாயைத் திறக்கும் முன்பே கூட வந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்: "மேடம், இவன் பீடி சிகரெட்டத் தொட்டதே இல்ல. பொண்ணு வீட்டுல போட்டோவப் பாத்துட்டுச் சந்தேகப்படறாங்க. எப்படியாவது இதப் போக்கிக் குடுங்க."

நான் சிகரெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, வயிற்றுப்போக்குக்கு எப்பவாவது மாத்திரை போட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வயிறு கெட்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை உதடு எரிந்து, வீங்கி, கொப்புளம் வந்து, உரிந்து கறுத்திருக்கிறது. பல்லி எச்சில் பட்டிருக்கும் என்று பாட்டி மஞ்சள் அரைத்துப் போட்டாராம். தீபாவளி சமயம் மறுபடி வயிறு கெட, மறுபடி அதே மாத்திரை. மறுபடி அதே இடம்.

அந்த 'அதே இடம்' என்ற சொல் வந்ததுமே நோய் என்னவென்று தெரிந்துவிடும். இதற்கு ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்று பெயர். நோயாளிகளிடம் நான் 'இடம் மாறாத மருந்துப் படை' என்று சொல்வேன். 1894-ல் பிரோக் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஆன்டிபைரின் என்ற காய்ச்சல் மருந்தால் வந்ததைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். அந்த மருந்தை இன்று யாருக்கும் தெரியாது. படை மட்டும் வேறு வேறு மாத்திரைகளால் வந்துகொண்டேதான் இருக்கிறது.

மருந்து ஒவ்வாமை என்றால் உடம்பு முழுக்கத் தடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். இது அப்படி இல்லை. முதல்முறை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனபோது அந்த இடத்துத் தோலுக்கு வந்த டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் சில, வேலை முடிந்தும் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதே மருந்து ரத்தத்தில் மறுபடி வரும்போது, அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் விழித்துக்கொண்டு, சுற்றியிருக்கும் நம் தோல் செல்களையே தாக்குகின்றன. மேல்தோல் சிதையும்போது அதிலிருக்கும் நிறமி கீழ்த்தோலுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே அதை விழுங்கும் செல்கள், விழுங்கியதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், உட்கார்ந்திருக்கின்றன. பச்சை குத்தின மை எங்கே இருக்கிறதோ கிட்டத்தட்ட அந்த ஆழம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டால், மேலே தடவும் களிம்பு ஏன் பெரிதாக வேலை செய்வதில்லை என்பதும் புரியும். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே பெரும்பாலும் மூன்று நான்கு டியூப் காலியாகியிருக்கும். இந்த இளைஞரும் மூன்று மருந்து கலந்த ஒரு 'சிவப்பழகு' களிம்பை ஐந்து மாதம் உதட்டில் பூசியிருந்தார். அதில் ஒன்று ஸ்டீராய்டு. கறுப்பு அப்படியே இருக்க, சுற்றியிருந்த தோல் மெலிந்து சிவந்து, வெயில் பட்டால் எரிய ஆரம்பித்திருந்தது. 2018-லேயே 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி.

படை புதிதாகச் சிவந்து எரியும் முதல் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு உதவும், நானே எழுதிக் கொடுப்பேன். அரிப்புக்கு மாத்திரையும் உண்டு. எரிச்சல் அடங்கிக் கறுப்பு மட்டும் மிஞ்சிய பிறகு வாசலின் போதும். வெயில் படும் இடமானால் சன்ஸ்கிரீன். மீதியைக் காலம்தான் செய்ய வேண்டும். லேசர் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் அவசரப்படுவதில்லை. நம் தோலில் லேசரே புதுக் கறுப்பை வைத்துவிட்டுப் போவதுண்டு. கத்தரிக்காய், கருவாட்டை நிறுத்த வேண்டுமா என்றும் தவறாமல் கேட்பார்கள். வேண்டாம், நன்றாகச் சாப்பிடுங்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. ஏனென்றால் அதே மாத்திரை ஒருமுறை உள்ளே போனாலும் இத்தனை மாதம் காத்திருந்தது வீண். பழைய இடம் புதிதாகக் கறுக்கும், கொஞ்சம் பெரிதாகும், கூடவே கையிலோ காலிலோ புது இடங்களும் சேரும். ஆனால் நம் ஊரில் மாத்திரையின் பெயர் யாருக்குத் தெரிகிறது? "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க" என்றால், அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரை ஒரு காகிதக் கவரில் வரும். எது என்ன என்று யாருக்கும் தெரியாது. "வெள்ளையா, நீட்டமா இருந்துச்சு மேடம்" என்பார்கள். பாதி மாத்திரைகள் வெள்ளையாக நீட்டமாகத்தான் இருக்கின்றன.

நான் அடிக்கடி பார்க்கும் குற்றவாளிகள்: வயிற்றுப்போக்குக்கும் பல்வலிக்கும் போடும் மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல், ஆஃப்லாக்சசின், நார்ஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள், படர்தாமரைக்குப் போடும் ஃப்ளூகோனசோல். சாதுவான பாரசிட்டமாலும் சில சமயம். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருந்தால் சந்தேகமும் இரட்டிப்பு. இந்த இளைஞர் போட்டதில் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்திருந்தன. இப்படிக் கூட்டு மாத்திரைகளில் 344 வகைகளை 2016-லும், 156 வகைகளை 2024-லும் மத்திய அரசு தடை செய்தது. கடையில் இன்னும் ஏராளம் இருக்கின்றன.

இன்னொரு குழப்பம், படை வந்து போன சில வாரங்களுக்கு அந்த இடம் அசந்து கிடக்கும். அப்போது அதே மாத்திரையைப் போட்டாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். "போன மாசம்கூடப் போட்டேனே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதை வைத்து நான் எந்த மருந்தையும் விடுதலை செய்வதில்லை.

ரத்தத்தில் 'அலர்ஜி டெஸ்ட்' எடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அது வேறு வகை ஒவ்வாமைக்கான சோதனை. இதற்கு அதில் விடை இருக்காது, ஆயிரக்கணக்கில் காசு போனதுதான் மிச்சம். சந்தேகப்படும் மருந்தைக் கறுத்த இடத்தின் மேலேயே ஒட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்த செல்கள் குடியிருப்பது அங்கேதானே. அதுவும் எல்லா மருந்துக்கும் சரியாக வராது. மாத்திரையைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதை மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

உதட்டில் வந்தால் சிகரெட் பழிதான். பிறப்புறுப்பில் வந்தால் குடும்பமே உடைகிறது. இந்தப் படைக்கு மிகவும் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. முதுகுவலி மாத்திரை போட்ட ஒருவருக்குப் பால்வினை நோய் என்று வேறொரு மருத்துவமனையில் ஊசி போட்டிருந்தார்கள். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவர் தோலைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை, "எங்க வீட்டுல சொல்லுங்க மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவியை வரவழைத்து, வலி மாத்திரை போட்ட நாட்களையும் படை வந்த நாட்களையும் காலண்டரில் வரிசையாகக் காட்டினேன். நான் எழுதிய மருந்துச் சீட்டைவிட அந்தக் காலண்டர்தான் அவருக்கு உதவியது.

சரி, எல்லா மருந்துப் படையும் இப்படிச் சாதுவானதல்ல. காய்ச்சல், கண்ணிலும் வாயிலும் புண், தொட்டாலே வலிக்கும் தோல், உரிதல், பரவும் கொப்புளங்கள், முக வீக்கம், மஞ்சள் காமாலை, இவற்றில் எது இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை ஆரம்பித்து 2 முதல் 8 வாரம் கழித்துக்கூட இப்படி வரும். மாதவிடாய் வலிக்குப் பலர் போடும் மெஃபெனமிக் ஆசிட் பற்றியும் 2023 கடைசியில் எச்சரிக்கை வந்தது. இந்தத் தீவிர வகைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்கள் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். தோல் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனிப் பெயர் போதாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆதார் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே சொல்லலாம்.

அந்த அம்மா போன மாதம் தன் சேற்றுப்புண்ணைக் காட்ட வந்தார். பையனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. உதட்டில் உற்றுப் பார்த்தால்தான் ஏதோ தெரிகிறதாம். பல் பிடுங்கப் போன இடத்தில் மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார்கள். "டசோல்னு முடிஞ்சா வேணாம்னு சொல்லிட்டான் மேடம்" என்றார் பெருமையாக. வீட்டில் யாருமே இப்போது பூச்சி மாத்திரை அல்பெண்டசோலைக்கூடப் போடுவதில்லையாம். அது வேறு அம்மா, அதைத் தாராளமாகப் போடலாம், ஆர்னிடசோல் மாதிரி 'னிடசோல்' என்று முடிவதைத்தான் தம்பி மட்டும் தவிர்க்க வேண்டும் என்று இன்னொரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.