புயல் நேரத்தில் காரிலிருந்து கரண்ட்: கடலூர், புதுச்சேரி வீடுகள் கவனிக்க வேண்டியவை

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பல கிராமங்களில் கம்பங்களை மறுபடி நட்டுக் கரண்ட் கொடுக்க வாரக்கணக்கானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்தப் புயலுக்கும் இந்தப் புயலுக்கும் நடுவில் நம் ஊர் போர்டிகோக்களில் புதிதாக வந்து நிற்பது மின்சாரக் கார். அதை வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பொருளாக இன்னும் பலர் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்தவர்களில் சிலர் ஆபத்தான முறையில் இணைக்கிறார்கள். இந்தக் கட்டுரை இரு தரப்பினருக்கும்தான்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், அதில் பேட்டரி கெடாமல் எடுக்க முடிவது ஏறக்குறைய 1.2 யூனிட். 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் 40 சதவீதத்தைத் தொடாமல் வைத்தாலும் 24 யூனிட் கையில் நிற்கும். அந்த 40 சதவீதத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வரவே 50 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், எட்டு யூனிட்டுக்குக் குறையாமல் செலவாகும். ஊரே இருட்டில் கிடக்கும்போது பொது சார்ஜரும் வேலை செய்யாது.

எல்லாக் காரிலும் இந்த வசதி இல்லை. 'வி2எல்' என்ற வசதி உள்ள கார்தான் 230 வோல்ட் வெளியே கொடுக்கும். 2023 செப்டம்பரில் வந்த நெக்ஸான் இவியில் இது 3.3 கேவிஏ, ஐயோனிக் 5-இல் 3.6 கிலோவாட். ஒரே மாடலிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும், அதற்கான அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியும் இருக்கலாம். வி2எல் இல்லாத காரின் பெரிய பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க வழி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது பல நூறு வோல்ட் டிசி, தொட்டால் உயிர் போகும்.

3 கிலோவாட் என்பது தாராளம் போலத் தெரியும், ஆனால் மோட்டார் போட்டால் அது தாங்காது. ஒரு எச்பி போர் மோட்டார் ஓடும்போது ஆறு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், கார் உடனே ட்ரிப் ஆகும். அதனால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், காரையும் நூறு சதவீதம் ஏற்றிவிடுங்கள். காற்று வலுக்கும் முன்பே பாதுகாப்புக்காக லைனை நிறுத்துவது வழக்கம், கடைசி நேரத்தில் சார்ஜ் கிடைக்காது. கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் மறந்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. வி2எல் ஓடும் நேரமெல்லாம் காரின் கம்ப்யூட்டர்களும் 12 வோல்ட் சிஸ்டமும் விழித்தே இருக்கும். அதற்கு 200 வாட் போகிறது என்று வைத்தால் நாளொன்றுக்கு 4.8 யூனிட். மூன்று மின்விசிறி, ஃபிரிட்ஜ், விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்தே ஐந்தரை யூனிட்தான் வரும். காருக்கே கிட்டத்தட்ட அதே அளவு போனால் 24 யூனிட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். உங்கள் கார் எவ்வளவு குடிக்கிறது என்று இப்போதே பாருங்கள்: ஒரு 9 வாட் பல்பை மட்டும் மாட்டி ஆறு மணி நேரம் விட்டு, எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது 0.4 யூனிட்.

எனவே எங்கள் யோசனை, காரை இரவு பகலாக ஓட விடாதீர்கள் என்பதே. காரைக் கிணறாகவும் பழைய இன்வெர்ட்டரைக் குடமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை, காலை ஐந்திலிருந்து எட்டு வரை வி2எல்லைப் போடுங்கள். அந்த ஏழு மணி நேரத்தில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, போன் சார்ஜ் எல்லாம் முடியட்டும், கூடவே இன்வெர்ட்டரும் ஏறட்டும். 12 ஆம்பியர் வீதம் ஏறினால் அந்த நேரத்தில் பேட்டரிக்குள் போவது, குறைந்த கரண்ட்டில் ஓடும் 35 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டை இரவு முழுக்க ஓட்டப் போதும். பழைய 75 வாட் மின்விசிறி என்றால் பாதி இரவுக்குத்தான் வரும். இப்படிச் செய்தால் ஒரு நாள் செலவு ஆறரை யூனிட்டுக்குள் நிற்கும், 24 யூனிட் மூன்றரை நாளுக்கு வரும். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை முன்கூட்டியே உறைய வைத்தால் இடைவெளியில் இன்சுலினும் பாலும் தாங்கும்.

இனி இணைப்பு. இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை எடுத்து வீட்டுச் சாக்கெட்டில் செருகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் கொடுப்பதைச் சிலர் ஜெனரேட்டரிலேயே பழகியிருக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மர் அதையே 11,000 வோல்ட்டாக்கிக் கம்பத்துக்கு அனுப்பும். அந்த நேரம் கம்பத்தில் ஏறி நிற்பவர் நமக்காக மழையில் வந்த லைன்மேன். மெயினை அணைத்திருந்தாலும் பிடுங்கிய பிளக்கின் முனை உயிரோடு இருக்கும். இந்த ஒயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

சரியான வழிகளில் எளியது: காரிலிருந்து 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், 15 மீட்டருக்குள். அதில் ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரின் பிளக்கையும் நேராக மாட்டுங்கள். கடையில் விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுருளாக வைத்தால் உருகும். இன்வெர்ட்டரைக் காரில் மாட்டும்போது ஒன்று பாருங்கள்: பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனுக்கு ஃபேஸ் மட்டும் தனி, நியூட்ரல் ஈபியோடு பொது. புயலில் தெருவில் நியூட்ரல் அறுந்தால் அதில் வோல்ட்டேஜ் ஏறும், அது உங்கள் காருக்கும் வந்து சேரும். மெயினில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச், மூன்று ஃபேஸ் வீடென்றால் நாலு போல், இருக்க வேண்டும். அதை அணைத்த பிறகே இன்வெர்ட்டரைக் காரில் மாட்டுங்கள்.

அவசியமான அறைகளைத் தனி டிபி பாக்ஸாக (ட்ரிப் ஸ்விட்ச்கள் உள்ள பெட்டி) பிரித்து, ஈபியிலிருந்து காருக்கு மாற்ற, நடுவில் 'ஆஃப்' உள்ள டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைப்பது இன்னும் முழுமையான வழி. ஆனால் அதற்கு முன் கார் கையேட்டைப் படியுங்கள். வீட்டு ஒயரிங்கோடு இணைக்கக் கூடாது என்று சொல்லும் கையேடுகள் உண்டு. காரணம் எர்த். பல கார்களில் வி2எல் வெளியீடு எர்த்தோடு சேராமல் மிதக்கும், டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரியக்கூடும். அந்த நிலையில் கசிவு ஏற்பட்டாலும், கசிவைக் கண்டு கரண்ட்டைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி ஸ்விட்ச் விழாது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையில்லை. பட்டன் விழுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நியூட்ரலை எர்த்தில் கட்டலாமா என்பது காருக்குக் கார் மாறும், கட்டினால் உடனே நின்றுவிடும் கார்களும் உண்டு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லட்டும். முதுநகர், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் எர்த் குழியின் இணைப்பு துருப்பிடித்தே கிடக்கும், அதையும் கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கரண்ட் போனால், ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் இன்வெர்ட்டர் தானே நிற்கும். கார் கொடுக்கும் 230 வோல்ட் அதே லைனில் வந்தால் ஈபி வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஓடத் தொடங்கும், மிச்சக் கரண்ட்டைக் காருக்குள் தள்ளும். காரின் மின்சுற்றே கெடலாம். சோலாரை வீட்டு லைனிலிருந்து துண்டிக்கும் ஏசி ஐசோலேட்டர் ஸ்விட்ச்சை அணைத்து வையுங்கள்.

அடாப்டர் மழையில் நனையக் கூடாது, சார்ஜ் மூடி கூரைக்குள் வரும்படி வண்டியை நிறுத்துங்கள். கெடிலமோ தென்பெண்ணையோ ஏறும் தாழ்வான தெருவில் இருப்பவர்கள் கரண்டை விட்டுவிட்டு முதலில் காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். வெள்ளத்தில் நின்ற காரை ஆன் செய்யவே வேண்டாம்.

கரண்ட் திரும்பியது தெருவிளக்கிலும் மீட்டரின் விளக்கிலும் தெரியும். உடனே மாறாமல் கால் மணி நேரம் பொறுங்கள், புயலுக்குப் பின் முதல் சில நிமிடம் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். மல்ட்டிமீட்டரில் 210-க்கும் 250-க்கும் இடையில் நிலையாக இருந்தால் முதலில் வி2எல்லை அணையுங்கள், ஒயரைக் கழற்றுங்கள், பிறகு மெயினைப் போடுங்கள், ஃபிரிட்ஜை மாட்டுங்கள். காரை நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் போடுங்கள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் போடும் மாலையில் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு உங்கள் சுமையும் வேண்டாம்.