வைட்டமின் டி: பெயரில் இருக்கிற பிசகு

பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த மாமாவின் டிஸ்சார்ஜ் தாளில், மாத்திரைப் பட்டியலின் கடைசி வரி இது: 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி, வாரம் ஒன்று, பாலில். கூடவே பிணைத்திருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'வைட்டமின் டி: 14'. "சத்துப் பொடிதானே, தினம் ஒண்ணு குடிச்சா சீக்கிரம் தேறிடலாமே" என்றார் மாமா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வைட்டமின் என்ற பெயரே அப்படி.

1912-ல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க் வைத்த பெயர் அது. தீட்டிய அரிசியையே தின்பவர்களுக்கு வரும் பெரிபெரி நோயைத் தவிட்டிலிருக்கும் ஏதோ ஒன்று தடுக்கிறது; அது நைட்ரஜன் கலந்த 'அமீன்' வகை என்று நினைத்தார். லத்தீனில் உயிர்வாழ்வைக் குறிக்கும் 'வீட்டா'வோடு அதை ஒட்டி 'வைட்டமைன்' என்றார். அப்புறம் கண்டுபிடித்தவற்றில் பல அமீனே இல்லை. அதனால் 1920-ல் ஜாக் டிரம்மண்ட் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு, ஏ, பி, சி என்று அழைக்கலாம் என்றார். 1922-ல் அமெரிக்காவில் மெக்கலம், மீன் எண்ணெயைச் சூடாக்கி 'ஏ'வை அழித்த பின்னும் அது எலிகளின் ரிக்கெட்ஸை, அதாவது எலும்பு மெலிந்து வளையும் நோயைக் குணப்படுத்துவதைக் கண்டார். வரிசையில் நாலாவது, ஆகவே 'டி'. வேறு அர்த்தம் ஒன்றும் அந்த எழுத்துக்கு இல்லை.

தமிழில் வைட்டமினை உயிர்ச்சத்து என்கிறோம். ஃபங்க் தவறாக ஒட்டிய 'அமீனை' விட்டுவிட்டு 'வீட்டா'வை மட்டும் எடுத்துக்கொண்டதால், ஒரு வகையில் மூலத்தைவிடச் சரியான சொல். ('சத்து' வடமொழி வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, சத்துமாவு தின்று வளர்ந்த எனக்கு அது உறுத்தவில்லை.) டி-யையும் தமிழாக்குகிறேன் என்று நாலாம் உயிரெழுத்தான 'ஈ' போட்டால் வம்பு: வைட்டமின் ஈ என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. 'உயிர்ச்சத்து டி' போதும்.

ஆனால் டி-யைப் பொறுத்தவரை 'சத்து' என்பதிலும் சிக்கல். சத்து என்றால் சாப்பாட்டில் வருவது, கூடக்கூட நல்லது என்று மனசு எடுத்துக்கொள்ளும். இதுவோ, வெயில் பட்டால் தோலே தயாரித்துக்கொள்வது. கல்லீரலில் ஒருமுறை, சிறுநீரகத்தில் ஒருமுறை மாறி, கடைசியில் ஹார்மோனாகவே வேலை செய்கிறது. குடலிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுப்பது அதன் முக்கிய வேலை.

மாமாவின் 14, கல்லீரலில் மாறிய வடிவத்தின் அளவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 நானோகிராம். 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பரவலான கணக்கு. ஆனால் எப்போது எடுத்த ரத்தம் என்று பார்க்க வேண்டும். அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஆளைப் போடும்போது அதன் குழாய்களில் இருக்கும் திரவம் கலந்து ரத்தம் நீர்க்கும். டி அளவும் இறங்கும். அறுவையை ஒட்டி எடுத்த எண், ஆளின் வழக்கமான அளவைவிடக் குறைவாகக் காட்டலாம்.

டி குறைந்தவர்கள் இதய அறுவைக்குப் பின் மெதுவாகத் தேறுகிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே நலிந்து, வீட்டுக்குள்ளேயே கிடந்தவருக்கு வெயில் எங்கே கிடைத்திருக்கும்? குறைந்த டி, நலிவுக்குக் காரணமாகவும் இருக்கலாம், நலிவின் அடையாளமாகவும் இருக்கலாம். அதுவரை இதய நோய் வராத 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான 'வைட்டல்' ஆய்வில், தினம் 2,000 யூனிட் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. எலும்புக்கு டி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை; இதயத்தையும் அது தேற்றிவிடும் என்பதற்குத்தான் அந்த உறுதி இல்லை.

மாமாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: 60,000 யூனிட் என்பது எடையில் ஒன்றரை மில்லிகிராம்தான், ஆனால் உடம்பில் தேங்கும். தினம் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு என்று போய், இதயத் துடிப்பே தடுமாறலாம். கேட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து போய், மிச்சப் பாக்கெட்டுகளை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுழித்தார்.