பசும்பாலில் இவ்வளவு கால்சியம் இருந்தும் பிள்ளைக்கு ஏன் குறைகிறது?

தாய்ப்பாலில் இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு கால்சியம் பசும்பாலில் இருக்கிறது. ஆனால் பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்புகூட வரலாம். எப்படி?

வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்குக் கவலையே இல்லை, அம்மாவின் ரத்தத்திலிருந்து கால்சியத்தை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பது நஞ்சுக்கொடியின் வேலை. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து சட்டென்று நின்றுவிடும். இனி அளவு குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்க வேண்டியவை கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். அவையோ இத்தனை மாதம் பெரிதாக வேலை இல்லாமல் இருந்தவை, சுறுசுறுப்பாக ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் 48 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைக்குமே கால்சியம் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும். நிறைமாதக் குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே போனால்தான் குறைபாடு. குறைமாதத்தில் பிறந்தவர்களும், சர்க்கரை நோய் உள்ள அம்மாக்களின் பிள்ளைகளும் இதில் அதிகம் மாட்டுவார்கள். சர்க்கரை உள்ள அம்மாவுக்குச் சிறுநீரில் மெக்னீசியம் போய்விடும், பிள்ளைக்கும் குறையும். மெக்னீசியம் இல்லாமல் அந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யாது, எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் நிற்காது.

சரி, பசும்பாலுக்கு வருவோம். அதில் பாஸ்பரஸ் தாய்ப்பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அவ்வளவையும் வெளியேற்ற பச்சிளம் சிறுநீரகத்துக்குத் தெம்பு கிடையாது, பாஸ்பேட்டாக ரத்தத்தில் தேங்கும் அந்தப் பாஸ்பரஸ் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கே வைட்டமின் டி குறைவு என்றால் இன்னும் மோசம், குடலும் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது.

குழந்தையின் கை கால் நடுங்கினால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம், நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பு. எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சர்க்கரை குறைந்தாலும் இப்படித்தான் நடுங்கும். ரொம்பக் குறைந்திருந்தால் கால்சியம் குளுக்கோனேட் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக, இதயத் துடிப்பைப் பார்த்தபடி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் துடிப்பு குறையும், ஊசி விலகிக் கசிந்தால் தோலே வெந்ததுபோல் புண்ணாகிவிடும்.

தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்குத் தனியாகக் கால்சியம் சிரப் தேவையில்லை. அந்தப் பாலில் வைட்டமின் டி போதாது, அதற்குத்தான் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. கடையில் ஒரு மில்லியில் 400 யூனிட் இருக்கும் பாட்டிலும் உண்டு, 800 இருப்பதும் உண்டு, பிராண்டு மாற்றினால் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.