‘கேஷ்’ என்ற டப்பாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா மகன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் டப்பா. மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம். “பாட்டி, அடுத்த மாசம் பூங்காவுல என்னோட முதல் கேஷை ஒளிச்சு வைக்கப் போறேன்” என்றான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். “காசை எதுக்குய்யா பூங்காவுல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிற? பேங்க்ல போடலாம்ல?”

அம்மா கேட்டதில் ஒரு பெரிய சொல் வரலாறே அடங்கியிருக்கிறது.

அவன் சொன்ன கேஷ் பணம் அல்ல. ஜியோகேஷிங் என்ற விளையாட்டில் ஒருவர் பொதுவிடத்தில் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். அந்த டப்பாதான் கேஷ். ஆங்கில எழுத்தைப் (cache) பார்த்து நம்மில் பலர் ‘கேச்’ என்று வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் பணத்தைச் சொல்லும் கேஷும் (cash) இதுவும் ஒரே ஒலிதான். ஆகவே அம்மாவின் காதில் தவறில்லை.

இந்தக் கேஷ் பிரெஞ்சுச் சொல். ‘கஷே’ என்றால் மறைத்தல். அதற்கும் முந்திய லத்தீன் வேருக்கு, நெருக்கி அமுக்கி ஒன்றாகச் சேர்த்தல் என்று பொருள். கனடாவில் கம்பளித்தோல் தேடி அலைந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், தூக்கிச் சுமக்க முடியாத உணவையும் தோலையும் திரும்பி வரும் வழியில் எடுத்துக்கொள்ள ஓரிடத்தில் மறைத்து வைப்பார்கள். மறைத்து வைத்த இடமும் கேஷ், வைத்த பொருளும் கேஷ். அவர்களிடமிருந்துதான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. திரும்ப வந்து எடுக்கும் எண்ணம் அதில் அப்போதே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பணத்தைச் சொல்லும் கேஷ் வேறு குடும்பம். அது பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டியைச் சொல்லி, பிறகு பணத்தையே சொல்லத் தொடங்கியது. மூன்றாவதாகவும் ஒரு கேஷ் உண்டு. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீனக் காசுகளைப் பார்த்திருப்பீர்கள், ஆங்கிலத்தில் அவற்றின் பெயரும் கேஷ்தான். அது நம்முடைய ‘காசு’. தமிழிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப நான் சரியாத்தானே கேட்டேன்” என்றார்.

சரி, விளையாட்டுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 2000 மே 2ஆம் தேதிவரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரைகூடத் தள்ளிப் போகும். அன்று அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை வெளியிட்டார். மூன்று நாளுக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அல்மர் அதைச் சொன்ன சொல் ‘ஸ்டாஷ்’. ஆங்கிலத்தில் அது திருட்டுச் சரக்கு, போதைப்பொருள் வாடை அடிக்கும் சொல். அந்த மாதம் முடிவதற்குள் மேட் ஸ்டம் என்பவர் அதை விட்டுவிட்டு, பூமியைக் குறிக்கும் ‘ஜியோ’வோடு ‘கேஷ்’ சேர்த்து ஒரு பெயர் சொன்னார். அதுவே நிலைத்தது. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் அதற்கென்று தனி இணையத்தளம் தொடங்கினார்.

ஒரு சொல்லுக்குக் கெட்ட வாடை இருக்கிறது என்பதற்காகவே அவர்கள் அதை மாற்றியிருக்கிறார்கள். தமிழில் பெயர் தேடும்போது நாமும் அதே கவனத்தோடு தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இது வெறும் சொல்லாராய்ச்சியாக நிற்கவில்லை. டப்பாவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். சிங்கப்பூரில் ஆளில்லாமல் கிடக்கும் பையையோ பெட்டியையோ பார்த்தால் உடனே தகவல் சொல்லச் சொல்லி எம்ஆர்டி ரயிலில் ஏறும்போதெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் நாம். புதருக்குள் கறுப்பு டேப் சுற்றிய டப்பாவைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். அதனால் உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவும் டப்பா வாங்கினோம். இது என்ன, எதற்காக இங்கே இருக்கிறது என்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் எழுதுவது என்று முடிவு செய்தோம். தமிழ் வரி என் பொறுப்பு. ‘இது ஒரு…’ என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது.

“புதையல்னு எழுதுங்க சித்தி, நல்லாருக்கும்” என்றான் பையன். நல்லாத்தான் இருக்கும். ஆனால் புதையல் என்றால் ‘புதை’ உள்ளே இருக்கிறது. மண்ணுக்குள் போனதுதான் புதையல். அல்மரின் முதல் வாளி பாதி மண்ணுக்குள்தான் இருந்தது என்பது உண்மை. ஆனால் இன்றைய விதி வேறு. நிலத்துக்குப் பொறுப்பானவர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, மறைப்பதற்கோ தேடுவதற்கோ மண்ணைத் தோண்டக் கூடாது. புதையல் என்று படித்துவிட்டு ஒருவர் பூங்காவில் கரண்டியோடு வந்து நின்றால் என்ன ஆகும்? இன்னொன்றும் உண்டு. புதையல் கிடைத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவார், அந்தச் சொல்லின் ஆசையே அதுதான். இந்த டப்பாவை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது பதுக்கல். கணினித் தமிழில் சிலர் ‘பதுக்கு நினைவகம்’ என்று எழுதுகிறார்கள், அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு. ஆங்கிலத்தில் அதுவும் இதே கேஷ்தான். வேறு சிலர் ‘இடைமாற்று நினைவகம்’, ‘தற்காலிகச் சேமிப்பு’ என்கிறார்கள். கணினிக்கு எப்படியோ போகட்டும். மனிதர்களிடம் பதுக்கல் என்றால் அரிசி மூட்டையை மறைத்து விலை ஏற்றுகிற வேலைதான் நினைவுக்கு வரும். அவர்கள் ஸ்டாஷை விட்ட அதே காரணத்துக்காக நாம் இதை விட வேண்டும்.

ஆனால் பதுக்கலைத் தேடப் போன இடத்தில் எனக்கு வேறொன்று கிடைத்தது. சங்கப் பாடல்களின் பாலை வழிகளில் ‘பதுக்கை’ வரும். அம்பு பட்டு விழுந்தவர்களின் உடலை மூடிக் குவித்த கற்குவியல் அது. வழிப்போக்கர்கள் பார்த்த மாத்திரத்தில் அது தானாகக் குவிந்த கல் அல்ல, யாரோ குவித்தது என்று தெரிந்துகொள்வார்கள். இன்றைக்கும் கேஷ் தேடுகிறவர்களின் கண் அதைத்தான் தேடுகிறது: இயற்கையாக விழாத சுள்ளி, யாரோ சாய்த்து வைத்த கல். பையன் ஒத்திகையாக எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துச் செடிகளுக்குள் ஒரு காலி டப்பாவை வைத்து, அதன்மேல் குச்சிகளை ஒரே சீராக அடுக்கியிருந்தான். நான் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிட்டேன். “பதுக்கை கட்டியிருக்கே, கலைச்சுப் போடு” என்றேன்.

மூன்றாவது, ‘கர’. மறைத்தலுக்குத் தமிழின் பழைய வேர். வள்ளுவர் காக்கையைப் பற்றி ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்கிறார். கிடைத்ததை மறைக்காமல், இனத்தைக் கூவி அழைத்துச் சேர்ந்து உண்ணுமாம். கேஷ் வைப்பவர் செய்வது இரண்டும்தான்: கரக்கவும் செய்கிறார், கரையவும் செய்கிறார். மறைத்து வைத்துவிட்டு, எங்கே வைத்தேன் என்று ஊருக்கே எண் போட்டுச் சொல்கிறார். ‘கரவு’ தனியாக நின்றால் வஞ்சகம் என்ற நிழல் விழுகிறது, ஆகவே பெயராக அது சரிப்படாது. ஆனால் புதிர் அவிழ்த்தால்தான் இடம் தெரியும் என்ற வகைக் கேஷ்களுக்கு இந்த வேர் நன்றாகப் பொருந்தும். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகளை மறைத்து வைக்கும் சித்திரகவிக்கு ‘கரந்துறைச் செய்யுள்’ என்றே பெயர் இருக்கிறது. அதே முறையில் இதைக் ‘கரந்துறைப் புதிர்’ என்று சொல்லிவிடலாம்.

எனக்கு மனத்துக்குப் பிடித்தது ‘வைப்பு’. சிங்கப்பூரில் வங்கி விளம்பரத்தைத் தமிழில் படிப்பவர்களுக்கு வைப்புத்தொகை பழகிய சொல். ஓரிடத்தில் நம்பி வைப்பது, பிறகு அது அங்கேயே இருக்கும் என்ற உறுதி, இரண்டும் அதற்குள் இருக்கின்றன. கனடா வேட்டைக்காரர்களின் கேஷும் இதைத்தான் சொன்னது. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ‘அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி’ என்ற குறளில், பிறர் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம். வைப்பது தனக்கு, எடுப்பது பிறர் என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லுக்குள் ஈராயிரம் ஆண்டாக இருந்திருக்கிறது.

வெறும் வைப்பு என்றால் மறைவு தெரியாது. ‘ஒளிவைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், விளக்கு ஏற்றி வைப்பதுபோல் ஒலித்தது. ‘மறைவைப்பு’ நின்றது. கேஷ் என்றால் மறைவைப்பு. வைப்பவர் மறைவைப்பாளர். விளையாட்டைத் தேடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் மறைவைப்புத் தேடல். ‘புவி’யை முன்னால் ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்றே தோன்றுகிறது. மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு துண்டுக் குச்சியை மறைத்து, இரண்டு கையையும் கோத்து வைத்துத் தேடும் விளையாட்டை ‘கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்’ என்று பாடிக்கொண்டே விளையாடினோம். அதற்கு யாரும் புவியைச் சேர்க்கவில்லையே.

பெயர் முடிவானது. அப்புறம்தான் உண்மையான வேலை. டப்பா அரை லிட்டர் பிடிக்கும். 100 மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் இடைப்பட்டது இந்த விளையாட்டில் ‘சிறியது’. குறிப்பேட்டை ஜிப் பையில் போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்தோம். இங்கே பெய்கிற மழைக்கு மூடி சரியாக மூடவில்லை என்றால் தாள் கூழாகிவிடும், அதைவிட மோசமாக உள்ளே தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். டெங்கிக்குப் பயப்படுகிற ஊரில் இதைக் கவனிக்காமல் டப்பாவை வெளியே வைக்கக் கூடாது. உணவுப் பொருள் எதுவும் உள்ளே கூடாது, குரங்கும் எறும்பும் விடாது. பேனா கசியும் என்பதால் பென்சில்.

இடம் ஒரு பூங்கா இணைப்புப் பாதையோரம். எங்கே என்று இங்கே சொல்லமாட்டேன். பக்கத்து மறைவைப்புக்கும் இதற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும், அதை வரைபடத்தில் அளந்துவிட்டான். உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் எண் குதிக்கும். அதற்காக மூன்று வெவ்வேறு நாளில் போய் அளவெடுத்துச் சராசரி பார்த்திருக்கிறான். அட்சரேகை எண்ணில் நிமிடத்தின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாவது தசமத்தில் ஒன்று மாறினாலும் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் தள்ளிப்போகும். அடர்ந்த செடிகளுக்கு நடுவே அது பெரிய தூரம், அதற்குள் எத்தனை செடி மிதிபடும்! முதலில் 20 மறைவைப்புகளாவது தேடிக் கண்டுபிடித்த பிறகு சொந்தமாக வையுங்கள் என்று விளையாட்டை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். இவன் 31 முடித்துவிட்டான். இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியாயிற்று. பதில் வந்த பிறகுதான் வைப்பது.

ஒட்டுத்தாளின் தமிழ் வரி இப்படி அமைந்தது: ‘இது ஒரு மறைவைப்பு. ஆபத்தில்லாதது. திறந்து பாருங்கள், பெயர் எழுதுங்கள், இதே இடத்தில் திரும்ப வையுங்கள்.’

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு டப்பாவைத் திறந்து, பென்சிலை எடுத்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தன் பெயரையும் அன்றைய தேதியையும் தமிழில் எழுதினார்.