ரிலேஷனல் தெரபி: உறவைப் பற்றியதா, உறவின் வழியாகவா?

'ரிலேஷனல் தெரபி' என்று கேட்டவுடன் கணவன் மனைவி சண்டைக்கான ஆலோசனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கப்புள்ஸ் தெரபி என்று தனிப் பெயரே இருக்கிறது. ரிலேஷனல் தெரபி பெரும்பாலும் தனி ஆளுக்கானது. வேலை போனவர், பெற்றோரை இழந்து மீள முடியாதவர், யாரோடும் ஒட்ட முடியாமல் தவிப்பவர், நாற்பதைத் தாண்டியபின் 'எதற்காக இந்த ஓட்டம்' என்று திகைத்து நிற்பவர், இப்படி ஒருவர் தெரபிஸ்ட்டைத் தேடிப் போகிறார். அவர்கள் இருவருக்கும் இடையே வளர்கிற உறவையே சிகிச்சையின் கருவியாக எடுத்துக்கொள்வதுதான் இந்த முறை. தமிழ்ப் பெயர் வைக்கும்போது இந்த வேறுபாடு நழுவிவிடக் கூடாது.

முதலில் தெரபி. கிரேக்க மொழியில் 'தெரபேயா' என்றால் பணிவிடை, கவனிப்பு. குணப்படுத்துதல் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. 'தெராப்போன்' என்பவன் கூடவே இருந்து துணை செய்கிறவன். ஹோமரின் இலியட் காவியத்தில் கிரேக்க மாவீரன் அகிலீஸுக்குப் பட்ரோக்ளஸ் அப்படிப்பட்ட ஆள்தான். அதில் ஒரு காட்சி: தொடையில் அம்பு தைத்துக் கிடக்கிறான் யூரிபைலஸ் என்ற வீரன். பட்ரோக்ளஸ் அம்பை அறுத்தெடுத்துப் புண்ணைக் கழுவி மருந்திடுகிறான். வெளியே போர் நடந்துகொண்டிருக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துத் தெம்பூட்டுகிறான். மருந்தும் பேச்சும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது.

இதற்கு ஈடான சொல்லைத் தமிழில் தேடினால் திருக்குறளிலேயே கிடைக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன் உழைச்செல்வான். தெராப்போனுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று யாராவது 'என் உழைச்செல்வானைப் பார்க்கப் போகிறேன்' என்றால் சிரிப்புதான் வரும். சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, நாக்கில் புழங்கவும் வேண்டும். நாம் சாதாரணமாகச் சொல்லும் சிகிச்சை வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரும் கவனித்தல், உணர்தல் என்ற பொருளில் வரும் 'சித்' என்ற வினைதான்.

அப்புறம் ரிலேஷன். லத்தீனில் 'ரெலாத்தியோ' என்றால் திருப்பிக் கொண்டுவருதல். நடந்ததைத் திருப்பிச் சொல்வதையும் அது குறித்தது. தொடர்பு, உறவு என்ற பொருள்கள் பின்னால் சேர்ந்தவை. தமிழில் 'உறவு' பிறப்பது உறு என்ற வினையிலிருந்து. அடைதல், பொருந்துதல், நேர்தல், துன்பப்படுதல் எல்லாம் அதற்குப் பொருள். அதனால்தான் உற்றார் என்றால் சொந்தக்காரர்கள். குறளில் உற்றவன் என்றால் நோயாளி.

உறவையே கருவியாக்கும் எண்ணம் உளச்சிகிச்சையில் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வியன்னா மருத்துவர்களான ஜோசப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895இல் ஹிஸ்டீரியா பற்றி வெளியிட்ட நூலில் ஓர் இளம்பெண் வருகிறார். பேசப் பேசத் தன் பாரம் குறைவதைக் கண்டு, அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பொருள்படும் பெயரை வைத்தவர் அவர்தான். நோயாளிகள் பெற்றோர்மேல் வைத்திருந்த ஏக்கத்தையும் கோபத்தையும் மருத்துவர்மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்பதை ஃபிராய்டு கவனித்தார். ஆனாலும் மருத்துவர் தன்னை வெளிக்காட்டாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி.

பின்னால் வந்தவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தானே, அவர் எப்படி ஒன்றுமில்லாதவராக இருக்க முடியும்? சிகிச்சை தருபவர் வெளியே நின்று பார்ப்பவர் அல்ல, உள்ளே பங்குகொண்டபடியே பார்ப்பவர் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 'நோயாளி' என்ற சொல்லையே தள்ளிவைத்தார்; உண்மையாக இருப்பது, புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் ஏற்பது ஆகியவைதான் ஒருவரை மாற்றும் என்று 1957இல் எழுதினார். 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின், எந்த வகைச் சிகிச்சையானாலும் இருவரும் சேர்ந்து இயங்குவது மூன்றைப் பொறுத்தது என்றார்: இலக்கில் உடன்பாடு, செய்யவேண்டியதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. ஃபிராய்டு தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வுத் துறையில் 'ரிலேஷனல்' என்ற அடைமொழி நிலைக்கக் காரணம், ஜே கிரீன்பெர்க்கும் ஸ்டீபன் மிட்செல்லும் 1983இல் சேர்ந்து எழுதிய நூல்.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கும்? கற்பனையாக ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரபிஸ்ட்டின் கண் ஒரு கணம் கடிகாரத்துக்குப் போகிறது. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று, "அதை விடுங்கள், பெரிய விஷயமில்லை" என்று முடித்துக்கொள்கிறார். அறிவுரை சொல்பவர் என்றால் மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று வழி சொல்லத் தொடங்கியிருப்பார். இவர் அப்படிச் செய்வதில்லை. "நான் கடிகாரத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டீர்கள். அப்போது என்ன தோன்றியது?" என்று கேட்கிறார். தயங்கித் தயங்கிப் பதில் வருகிறது: "உங்களுக்கு அலுப்பாக இருக்குமோ என்று…" அலுவலகத்தில் நடப்பதும், சிறு வயதில் வீட்டில் நடந்ததும், இப்போது இந்த அறையில் நடப்பதும் ஒன்றுதான் என்று அவருக்கே பிடிபடத் தொடங்குகிறது.

இதில் தெரபிஸ்ட் தன் பங்கையும் ஒத்துக்கொள்வார்: "ஆமாம், பார்த்தேன். அது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது." இப்படி உறவில் விழும் விரிசலைப் பேசிச் சரிசெய்வதே இந்த முறையில் பெரிய வேலை. மனத்தாங்கல் வந்தாலும் உறவு அறுந்துவிடாது என்பதைச் சிலர் முதல்முறையாக இங்கேதான் அனுபவிக்கிறார்கள். அதற்காக இதை நட்பு என்று எண்ணிவிடக் கூடாது. நேரம், கட்டணம், இரகசியம் காத்தல், வெளியே பழகாமை என்று கறாரான வரம்புகள் உண்டு. அந்த வரம்பு இருப்பதால்தான் வேறெங்கும் சொல்ல முடியாததை இங்கே சொல்ல முடிகிறது.

இனி, தமிழில் என்ன சொல்வது? ஆலோசகர் என்றால் யோசனை சொல்பவர் என்றாகிவிடுகிறது; மேலே பார்த்த காட்சியில் யோசனையே இல்லை. இலங்கைத் தமிழில் கவுன்சலிங்குக்கு உளவளத்துணை என்பார்கள். அந்தத் 'துணை' தெராப்போனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆற்றுப்படுத்தல் என்றும் ஒரு வழக்கு உண்டு. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை நினைவுக்கு வரும். மனத்தை ஆற்றுவதும் அதில் கேட்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல், ஆனால் வழிகாட்டுவது என்ற பொருள் முன்னே நிற்பதால் இந்த முறைக்கு முழுசாகப் பொருந்தாது.

ரிலேஷனல் என்பதற்கு 'உறவுசார்' என்று போட்டால், தொடக்கத்தில் சொன்ன அதே குழப்பம் திரும்ப வந்துவிடும். உறவுகளைப் பற்றிய சிகிச்சை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'உறவுவழி' என்றால் உறவு கருவி என்பது தெளிவாகிறது. ஆகவே என் தேர்வு உறவுவழி உளச்சிகிச்சை. அதைச் செய்பவர் உளச்சிகிச்சையாளர். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு, இவர் வேறு என்பதும் இதில் விளங்கும். எழுத்தில் முதல்முறை வரும்போது பக்கத்தில் ரிலேஷனல் தெரபி என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் 'தெரபிக்குப் போகிறேன்' என்று சொல்வது ஏற்கெனவே தமிழாகிவிட்டது, அதை மாற்ற மெனக்கெட வேண்டாம்.