ஒரு விமானப் பயணத்துக்கு எத்தனை மரம்?

ஊழியர்கள் வேலை நிமித்தமாகப் பறந்ததால் வெளியான கார்பனை மரம் நட்டு ஈடுகட்டிவிட்டதாகப் பல நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் எழுதுகின்றன. படிக்க நிம்மதியாக இருக்கிறது. பறந்தவருக்கும் உறுத்தல் குறைகிறது. ஆனால் இந்தக் கணக்கு நேராகிறதா? எரிபொருளிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

விமானத்தில் எரிவது சுத்திகரித்த மண்ணெண்ணெய். அதில் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு கிலோ எப்படி மூன்று கிலோவுக்கு மேல் ஆகும்? எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். போக 5,500 கிலோமீட்டர், திரும்பி வர அதே தூரம். நீண்ட தூரம் பறக்கும் இன்றைய விமானங்கள் ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு பயணியைச் சராசரியாக 30 கிலோமீட்டர் கொண்டு செல்கின்றன. அப்படியானால் ஒருவரின் பங்கு ஏறக்குறைய 370 லிட்டர் எரிபொருள், அதாவது சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு. இது எல்லா இருக்கைகளுக்குமான சராசரி. பிசினஸ் வகுப்பில் கால் நீட்டிப் படுக்க ஒதுக்கும் இடத்தில் எகானமி வகுப்பினர் கிட்டத்தட்ட மூன்று பேர் உட்காரலாம் என்பதால், எரிபொருளையும் அந்த விகிதத்தில்தான் பங்கிட வேண்டும். எகானமியில் போனவருக்கு முக்கால் டன்னை ஒட்டி வந்தால், பிசினஸ் வகுப்பில் போனவருக்கு இரண்டு டன்னை ஒட்டி வரும். வேலைப் பயணங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வித்தியாசம்தான்.

சரி, இனி மரத்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி வில்லோ என்ற மரத்தின் கன்று ஒன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 5 பவுண்டிலிருந்து 169 பவுண்டாக ஏறியது. தொட்டி மண்ணோ இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அத்தனை எடையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதில் பாதிதான் சரி. மரத்தின் உடலைக் கட்டும் கார்பன் முழுக்கக் காற்றிலிருந்து வருகிறது. இலை கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்து, சூரிய ஒளியின் ஆற்றலால் சர்க்கரையாக்கி, அதிலிருந்து கட்டையையும் வேரையும் கட்டுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்.

இதை வைத்து நம் பயணக் கணக்கைத் திருப்பிப் போடலாம். இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் கார்பனைப் பிடித்து வைக்க 1.1 டன் உலர்ந்த கட்டை வேண்டும். 40 சென்டிமீட்டர் விட்டமும் 25 மீட்டர் உயரமும் உள்ள ஒரு முழு மரம் ஏறக்குறைய அவ்வளவு எடை வரும். பிசினஸ் வகுப்பில் ஒருமுறை போய்வந்தால் ஒரு பெரிய மரம். கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கன்று அல்ல, முழுதாக வளர்ந்த மரம். மாதம் ஒருமுறை பறப்பவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு மரங்கள் அப்படி வளர்ந்து நிற்க வேண்டும். நட்ட கன்றுகளில் கணிசமானவை முதல் சில ஆண்டுகளிலேயே பட்டுப்போகும். நெருக்கமாக நட்டவற்றில் பல, இடத்துக்கும் ஒளிக்குமான போட்டியில் பின்னால் சாகும். நட்டவை எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டும் திட்டம் எனக்கு எதையும் நிரூபிப்பதில்லை. இருபதாவது ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்பதுதான் கேள்வி.

அடுத்தது காலம். விமானம் தன் புகையைச் சில மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. கன்று முதல் சில ஆண்டுகளில் மிகக் கொஞ்சம் கார்பனையே எடுக்கிறது. இலைப்பரப்பு விரிந்த பிறகு வேகம் கூடி, முதிர்ந்ததும் குறைகிறது. இடைப்பட்ட பல பத்தாண்டுகளும் அந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேதான் இருக்கும். நாற்பது ஆண்டில் அடைக்கப்போகும் கடனுக்கு இன்றே ரசீது வாங்கிக்கொள்வது போன்றது இது.

இதையெல்லாம்விட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மரத்தில் இருக்கும் கார்பனும் மண்ணெண்ணெயில் இருந்த கார்பனும் வேதியியலில் ஒன்றே. ஆனால் அவை இருந்த இடங்கள் வேறு. காற்று, மரம், மண், கடலின் மேல்மட்டம் ஆகியவற்றுக்கிடையே கார்பன் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மரம் வளர்ந்தால் உள்ளே போகும், மக்கினாலோ எரிந்தாலோ வெளியே வரும். கச்சா எண்ணெயில் இருந்த கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தச் சுழற்சிக்கு வெளியே, பாறைக்கடியில் கிடந்தது. அதைத் தோண்டி எரிக்கும்போது சுழற்சிக்குள் புதிதாகக் கார்பனைச் சேர்க்கிறோம். மரம் நடுவதால் அது பாறைக்கடியில் திரும்பப் போவதில்லை. சுழற்சிக்குள்ளேயே தற்காலிகமாக வேறோர் இடத்தில் உட்காருகிறது.

எவ்வளவு தற்காலிகம்? இன்று வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 15 முதல் 40 சதவீதம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றில் இருக்கும் என்கிறது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு. காட்டுக்கு அவ்வளவு காலம் யார் உத்தரவாதம் தருவது? கலிபோர்னியாவின் ஈட்டுத் திட்டம் கார்பன் நூறு ஆண்டுகள் காட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறது. தீ, பூச்சி, வறட்சி வந்தால் இழப்பை ஈடுசெய்யக் கார்பன் கிரெடிட்களில் (காடு பிடித்து வைத்த கார்பனுக்காக விற்கப்படும் சான்றுகளில்) ஒரு பங்கைச் சேமிப்பாக ஒதுக்கியும் வைக்கிறது. ஆனால் தீ விபத்துக்காக நூறு ஆண்டுகளுக்கென ஒதுக்கியதில் குறைந்தது 95 சதவீதம் பத்தே ஆண்டுகளுக்குள் கரைந்துவிட்டதாக 2022இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2021இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, கிரெடிட் விற்ற காடு ஒன்றுக்குள்ளும் புகுந்தது. பூமி சூடாகச் சூடாகக் காட்டுத்தீயும் வறட்சியும் கூடுகின்றன. எந்த ஆபத்தைத் தணிக்க மரம் நடுகிறோமோ, அதே ஆபத்து அந்த மரத்தையே அழிக்க வருகிறது.

நிலமும் ஓர் எல்லை. உலக விமானங்கள் எல்லாம் சேர்ந்து 2019இல் வெளியிட்டது ஏறக்குறைய 100 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. நன்றாக வளரும் புதுக்காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 10 கோடி ஹெக்டேர் வேண்டும். எகிப்து நாட்டின் பரப்பளவு அது. காடு முதிர்ந்ததும் உறிஞ்சுவது குறைந்துவிடும், விமானங்களோ தொடர்ந்து பறக்கும். அப்போது இன்னொரு எகிப்து வேண்டும். மரம் எங்கும் குளிர்ச்சியே தரும் என்பதுமில்லை. பனி மூடிய வடக்கு நிலங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெண்பரப்பைக் கரும்பச்சை மரங்கள் மறைத்தால், நிலம் கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும்.

விமானத்தின் பாதிப்பு கார்பன் டை ஆக்சைடோடு முடிவதும் இல்லை. குளிர்ந்த, ஈரமான உயரத்தில் இன்ஜின் புகைத்துகள்களின் மேல் நீராவி உறைந்து வெள்ளைக் கோடுகளாகப் படிகிறது. சில சமயம் அவை மெல்லிய மேகங்களாக விரிந்து, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கின்றன. இந்த மேகங்களையும் இன்ஜின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களையும் சேர்த்தால், விமானப் போக்குவரத்தால் இதுவரை ஏற்பட்டிருக்கும் வெப்ப விளைவில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாதவற்றால் வந்தது என்று 2021இல் வெளியான விரிவான மதிப்பீடு சொல்கிறது. எந்த மரமும் அந்த மேகத்தை உறிஞ்சாது.

காசு கொடுத்தாலும் எல்லாக் கிரெடிட்களும் மரம் நடுவதற்குப் போவதில்லை. பல, இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பாற்றியதாகச் சொல்லி விற்கப்படுபவை. திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற ஊகத்தின் மேல் அவை நிற்கின்றன. ஆறு நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து 2023இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று கண்டது.

சட்டமும் மெதுவாக விழித்துக்கொள்கிறது. காடு வளர்ப்பால் பயணத்தின் பாதிப்பு ஈடாகும் என்ற தொனியில் நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம் செய்த விளம்பரங்கள் தவறாக வழிநடத்துவதாக 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் சொன்னது. ஈட்டுக் கிரெடிட்களைக் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலை கொண்டது என்று விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் முதல் தடை செய்கிறது.

இதனால் மரம் நடுவது வீண் என்றாகாது. மனிதர்கள் காடழித்தே காற்றில் ஏராளமான கார்பனைச் சேர்த்திருக்கிறார்கள். மரம் நடுவது அந்தப் பழைய இழப்பைச் சரிசெய்யும் வேலை. அதை விமானப் புகையின் கணக்கிலும் எழுதினால் ஒரே மரத்தை இரண்டு முறை செலவழிக்கிறோம். அதனால் நிறுவனங்கள் காட்டுக்குக் காசு கொடுக்கட்டும், தாராளமாகவே கொடுக்கட்டும். அதை நன்கொடையாக எழுதட்டும், பயணக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டாம். அந்தக் கணக்கைக் குறைக்கும் வழிகள் வேறு: திரையில் முடியும் கூட்டத்துக்குப் பறக்காமல் இருப்பது, இரண்டு பயணங்களை ஒன்றாக்குவது, ரயில் போகும் தூரத்துக்கு ரயில், கட்டாயம் பறக்க வேண்டுமென்றால் எகானமி. அந்தக் கடைசி மாற்றம் ஒன்றே, நம் எடுத்துக்காட்டில் ஒரு டன்னுக்கு மேல் குறைக்கிறது. மரத்தைப் போல நாற்பது ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம்.