தூண்டில் நுனியில ஒரு கிராம்

ஸ்கூல்ல பெஞ்சு ஓரத்துல ஸ்டீல் ஸ்கேல ஒரு கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு நுனிய சுண்டி விட்டு டுர்ர்ர்னு சத்தம் வர வெச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே ஸ்கேல் நுனியில ஒரு ரூபாக் காசை டேப் போட்டு ஒட்டிட்டு சுண்டிப் பாருங்க, சத்தம் அடங்கிடும், ஸ்கேல் மெதுவா தலையாட்டும். இப்ப அதே காசை எடுத்து, வெளிய நீட்டிட்டு இருக்குற பாகத்தோட நடுவுல ஒட்டுங்க. கிட்டத்தட்ட பழைய துடிப்பு திரும்பி வந்துடும். காசு அதேதான், எடையும் அதேதான், ஒட்டுன இடம் மட்டும்தான் வேற.

தூண்டில் ராடு சொந்தமா கட்டுறவங்க அந்த நுனி வளையத்துக்காக, அதாவது டிப் கைடுக்காக, ஏன் நாள்கணக்கா யோசிக்கிறாங்கன்னு கேட்டா இதுதான் காரணம். ராடும் ஒரு பக்கம் புடிச்ச ஸ்கேல்தான். ஆடும்போது நுனி எவ்ளோ தூரம் போயிட்டு வருதோ, அதுல மூணுல ஒரு பங்கு கூட நடு பாகம் போறதில்ல. அசையுற தூரம் மூணுல ஒண்ணுன்னா வேகமும் மூணுல ஒண்ணு, அந்த வேகத்தோட வர்க்கத்துக்குத்தான் இயக்க ஆற்றல் கணக்கு, அதனால நடுவுல இருக்குற ஒரு கிராம் நுனியில இருக்குற ஒரு கிராமுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் ராடை மந்தமாக்கும். சீரான பருமன் உள்ள ஒரு கம்பிய எடுத்துக்கிட்டா அதோட மொத்த எடையில 140க்கு 33 பங்குதான், அதாவது கால்வாசிக்கும் கொஞ்சம் கீழதான், நுனியில உக்காந்திருக்குற மாதிரி வேலை செய்யும். ராடு நுனி பக்கம் மெலிஞ்சுக்கிட்டே போறதால அந்தப் பங்கு இன்னும் கம்மி.

ஒரு லைட் ராடுல அந்த நுனிக் கணக்கு எடை 2 கிராம்னு வெச்சுக்குவோம். 0.2 கிராம் டிப்புக்கு பதிலா 0.6 கிராம் டிப்ப மாட்டுனா ராடோட அதிர்வு வேகம் சுமார் 8 சதவீதம் குறையும். அரை கிராம் கூட இல்லாத வித்தியாசத்துக்கு இது! லூர, அதாவது பொய் இரைய, வீசி முடிச்ச அப்புறமும் நுனி ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்துல லைன், அதாவது தூண்டில் நூல், அலைஞ்சு ராடு நெடுக இருக்குற கைடு வளையங்கள்ல உரசும், தூரம் குறையும், மீன் மெல்ல தொட்டா கைக்கு வர்ற அந்தச் சின்ன துடிப்பும் மழுங்கிப் போகும். அமெரிக்காவுல பில் ஹன்னமன்ங்குறவர் காசை வெச்சே ராடை அளக்குற ஒரு முறைய கொண்டு வந்தாரு, ராடு தன்னோட நீளத்துல மூணுல ஒரு பங்கு வளையுறதுக்கு நுனியில எத்தன ஒரு சென்ட் காசு தொங்க விடணும்னு எண்ணிப் பாக்குறது, 1982க்கு அப்புறம் அடிச்ச காசு ஒண்ணு 2.5 கிராம்ங்குறதால கணக்கு எல்லாருக்கும் ஒண்ணா வரும். பலத்தோட நிறுத்தாம நிமிஷத்துக்கு எத்தன தடவ ஆடுதுன்னும் அதுல அளப்பாங்க.

அப்ப இருக்குறதுலயே சின்ன வளையத்த மாட்டிட வேண்டியதுதானேன்னா, அங்கதான் முடிச்சு குறுக்க வரும். பிரெய்டுங்குற பின்னுன லைனோட நுனியில லீடர்னு தனியா ஒரு துண்டு நரம்பக் கட்டி மீன் புடிக்கிறவங்களுக்கு அந்த முடிச்சு ஒவ்வொரு வீச்சுலயும் நுனி வளையத்துக்குள்ள புகுந்து போகணும். வளையத்துக்கு போட்டிருக்குற நம்பர் பெரும்பாலும் வளையத்தோட வெளி அளவு, உள் ஓட்டை அதவிட சின்னதுதான், அதனால நம்பரப் பாத்து முடிவு பண்ணாதீங்க, நீங்க வழக்கமா கட்டுற தடிமனான லீடர்ல முடிச்சு போட்டு கையால இழுத்துப் பாருங்க. தட்டாம போற வளையங்கள்ல சின்னது எதுவோ அதுதான் உங்களுக்கு. உறைபனியில ஏரி மேல ஓட்டை போட்டு மீன் புடிக்கிற நாடுகள்ல மட்டும் இதுக்கு நேர்மாறா போவாங்க, அங்க லைன்ல வர்ற தண்ணி நுனி வளையத்துல உறைஞ்சு ஓட்டையவே அடைச்சிடும், பெரிய வளையம்னா அடைய நேரம் ஆகும்.

பெரிய வளையம்னா உராய்வு கம்மின்னு நிறைய பேர் நம்புறாங்க, நானும் ரொம்ப நாள் நம்புனேன். கம்பத்துல கயித்த ரெண்டு சுத்து சுத்தி படகையே நிறுத்துறோம்ல, அந்தக் கணக்க கணித மேதை ஆய்லர் எழுதி வெச்சிருக்காரு, அதுல கம்பத்தோட பருமன் வரவே வராது. கயிறு எத்தன டிகிரி திரும்புது, ரெண்டுக்கும் நடுவுல உராய்வு எவ்ளோ, இது ரெண்டு மட்டும்தான். மெத்துனு இருக்குற நுனி மீன் பக்கமா வளைஞ்சு குடுத்துட்டா திருப்பம் எல்லா கைடுக்கும் பிரிஞ்சு போகும். நுனி விறைப்பா இருந்தா கிட்டத்தட்ட மொத்தமும் டிப் கைடு தலையில விழும்.

விழுந்தா என்ன ஆகும்? டிராக், அதாவது ரீல் லைன விட ஆரம்பிக்கிற இழுப்பு, 5 கிலோ, சுமார் 50 நியூட்டன், லைன் 90 டிகிரி திரும்புது, உராய்வு எண் 0.1னு வெச்சா லைன்ல இழுவிசை 17 சதவீதம் ஏறும், அந்த எட்டரை நியூட்டன் உராய்வோட மீன் செகண்டுக்கு 5 மீட்டர் ஓடுனா 40 வாட்டுக்கு மேல சூடு அந்தக் குட்டி வளையத்துல கிளம்புது. ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. பெரும்பகுதிய ஓடுற லைனே எடுத்துட்டுப் போயிடும்னாலும் பிரெய்டு லைன் பாலிஎத்திலீன், அது 150 டிகிரிக்கு முன்னாடியே உருகுற சமாச்சாரம். அதனாலதான் சிலிக்கான் கார்பைடு வளையத்துக்கு மவுசு, அது வைரத்துக்குப் பக்கத்துல வர்ற கடினம், சூட்டயும் சட்டுனு பரப்பிடும், வழவழப்பா பாலிஷும் ஏறும். வெறும் குரோம் பூசுன கம்பி வளையத்துல மணல் ஒட்டுன பிரெய்டு ஓடி ஓடி நாளடைவுல கோடு விழுந்துடும், அந்தக் கோடே அப்புறம் லைன அறுக்கும். வளையத்த தாங்குற பிரேமுக்கு டைட்டானியம்னா காசு அதிகம்தான், ஆனா அடர்த்தி 4.5, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 8 கிட்ட. உப்புத்தண்ணிக்கும் அது அசராது. பட்ஜெட் இடிக்குதுன்னா மத்த கைடெல்லாம் ஸ்டீல்ல போட்டுட்டு டிப்ப மட்டும் டைட்டானியத்துல போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், காரணம் அந்த ஸ்கேல்தான்.

அடுத்து குழாய். டிப் கைடோட குழாய் பிளாங்க் நுனியில, அதாவது ராடோட வெறும் கார்பன் தண்டு நுனியில, சொருகி உக்காரணும். அமெரிக்க அளவுன்னா ஒரு இன்ச்ச 64 பங்கா போட்டு அதுல எத்தனன்னு நம்பர் இருக்கும், 4.5ன்னா 1.79 மில்லிமீட்டர், 5ன்னா 1.98. ஜப்பான் சரக்குல நேரா மில்லிமீட்டர்லயே இருக்கும். வெர்னியர் வெச்சு நுனிய ரெண்டு திசையில அளந்து பசைக்கு ஒரு மயிரிழை இடம் விட்டு வாங்கணும். இறுக்கமா இருந்தா பிளாங்க்க தேய்க்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு, மேல இருக்குற பெயிண்டு பளபளப்பு வரைக்கும் மெல்லிய எமரி பேப்பர்ல எடுக்கலாம், கார்பன் நார தொடவே கூடாது, நுனியில நாரே கொஞ்சம்தான் இருக்கு. லூசா இருந்தா பசைய அப்பி நிரப்பாம நுனியில மெல்லிய நூல நெருக்கமா ஒரு சுத்து சுத்தி எபாக்ஸி பசை தடவி காய விட்டுட்டு அதுக்கு மேல சொருகுனா நடுவுல நேரா நிக்கும்.

எல்லாரும் தாண்டிப் போற இடம் குழாயோட வாய். குழாய வெட்டுன இடத்துல உள்பக்கமா கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிக்கும். நான் முதல்ல கட்டுன ராடுல அத கவனிக்கல. சொருகும்போது லேசா கரகரன்னுச்சு, அப்படியே திருகி ஒட்டிட்டேன், மூணு மாசம் நல்லாதான் இருந்துச்சு, பழவேற்காட்டுல ஒரு கொடுவா இழுத்தப்ப நுனி சரியா குழாய் வாய்க்கிட்ட பட்டுனு போச்சு. உடஞ்ச துண்ட லென்ஸ் வெச்சுப் பாத்தா பிளாங்க்க சுத்தி மோதிரம் போட்ட மாதிரி ஒரு கீறல். வளையுற பிளாங்க், வளையாத குழாய், ரெண்டும் சேர்ற விளிம்புலதான் அழுத்தம் குவியும், அங்கயே நார குறுக்க அறுத்து வெச்சிருந்திருக்கேன். கண்ணாடியில கோடு போட்டு ஒடிக்கிற அதே கதைதான். அதுல இருந்து ஒவ்வொரு டிப்பையும் ஊசி மாதிரி இருக்குற ரவுண்டு அரத்த குழாய் வாயில வெச்சு ரெண்டு சுத்து சுத்தி, பிசிறு போயி விளிம்பு லேசா விரிஞ்ச மாதிரி ஆனதும் துணியால துடைச்சிட்டுதான் சொருகுறேன். பீங்கான் வளையம் உள்ள பிரேம பிளையர்ல வளைச்சு சாய்க்கிற வேலை மட்டும் வேண்டாம், வளையம் விரிசல் விடும், சாய்வு வேணும்னா சாய்வா செஞ்ச பிரேமே கிடைக்குது.

ஒட்டுறதுக்கு, சூடு பண்ணா உருகுற ஹாட் மெல்ட் பசைக் குச்சிக்குத்தான் என் ஓட்டு. டிப் கைடுதான் முதல்ல அடி வாங்குற பாகம், என்னைக்காவது கழட்டித்தான் ஆகணும். எபாக்ஸி போட்டுட்டா கழட்ட அதிக சூடு வேணும், பிளாங்க்ல நாரப் புடிச்சிட்டு இருக்குறதும் எபாக்ஸி ரெசின்தான், அதுவும் சேந்து இளகும். குச்சிய சூடு பண்ணி நுனியில மெலிசா தடவிட்டு, டிப்போட குழாய லேசா சூடாக்கி சொருகி, ராடை கண்ணுக்கு நேரா புடிச்சு கைப்புடி பக்கத்துல இருந்து பாத்தீங்கன்னா எல்லா வளையமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு தெரியும், டிப் மட்டும் ஓரமா எட்டிப் பாத்தா பசை இறுகுறதுக்குள்ள திருப்பி நேராக்கிடலாம்.

ராடை கார்ல இருந்து எடுக்கும்போது நுனி எங்கயாச்சும் இடிச்சிருந்தா, காது குடையுற பட்ஸ வளையத்துக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துங்க. விரிசல் கண்ணுக்குத் தெரியலன்னாலும் பஞ்சுல ஒரு இழை அங்க மாட்டிக்கிட்டு நிக்கும்.